பைனல் என்று நீ அனுப்பிய பாட்டு

குமாருக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். வெயில் குறையவில்லை. கல்யாண வேலை பாதி முடிந்துவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுகிறாய். ‘அது அப்படி இல்லப்பா’ என்று நீ ஆரம்பித்துவிட்டால், நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. கடிதமாக எழுதினால் நடுவில் புகுந்து பேச முடியாது என்று உன் அம்மாதான் யோசனை சொன்னாள். ஆகவே தயவுசெய்து கடைசிவரை படி. படித்து முடித்த பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

விஷயம் உன் மிக்ஸ்தான். ரிசப்ஷன் அன்று நீ மாலையும் கழுத்துமாக மேடையில் நிற்பாய், மிஷினுக்குப் பின்னால் நின்று பாட்டை மாற்ற முடியாது, அதனால் கோயம்புத்தூர் ரூமிலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்குக் கோத்துப் பதிவு செய்துவிட்டேன், ஹாலில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும் என்றாய். முதலில் வந்ததற்கு ‘பைனல்’ என்று பெயர் வைத்திருந்தாய். இரண்டு நாள் கழித்து ‘பைனல் நியூ’ வந்தது. அதற்கும் பிறகு ‘பைனல் நியூ ஓகே’. போன ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவி வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அந்தக் கடைசி ஓகேயை முதலிலிருந்து முடிவுவரை கேட்டேன். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறையும் இல்லை. ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு நீ போகிற இடத்தில் தாளம் பிசகுவதே இல்லை. இது என் பிள்ளை செய்தது என்று எனக்கே ஒரு மிதப்பு வந்தது. அந்த மிதப்பு நான்கு நிமிடம் நின்றது. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பழைய பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினேன். கூட்டி முடிப்பதற்குள் அடுத்த பாட்டு வந்து நெஞ்சில் மிதித்தது. குறைத்தேன். குறைத்ததும் அதற்கடுத்த பாட்டில் பாடுகிறவரின் குரலே காணாமல் போனது. இரண்டு மணி நேரமும் இதே பாடுதான். என் கை வால்யூம் பட்டனை விட்டு நகரவே இல்லை.

இதை உனக்குப் போனில் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை, “அதுதாம்ப்பா இம்பாக்ட், மெதுவாப் போயி டக்குனு தூக்கணும்” என்றாய். இரண்டாவது தடவை, நார்மலைஸ் பண்ணித்தான் அனுப்பியிருக்கிறேன், எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருக்கும் என்றாய். மூன்றாவது தடவை, “உங்க வேன் செட்டு ஏற்கெனவே பழுதுதானப்பா, அதுல கேட்டா அப்படித்தான் இருக்கும்” என்றாய். முதல் இரண்டுக்கும் எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவதற்குக் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் வேன் செட்டு பழுது என்று உனக்குச் சொன்னவன் நான்தான். அது ஒருநாளும் பழுதானதில்லை. இந்த மூன்று வருடமும் அது நன்றாகத்தான் பாடிக்கொண்டிருக்கிறது. வேலைக்கு ஓட்டும்போது உன் பாட்டைத்தான் நான் அதில் போடுவதில்லை.

அது ஏன் என்று இப்போது எழுதுகிறேன். அதற்கு முன்னால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நம் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கு முதல்முதலாக ஒரு மிக்ஸ் போட்டாயே, நினைவிருக்கிறதா? கோயில் முன்னால் கட்டியிருந்த செட்டில், ஒரு மெதுவான பாட்டுக்காக எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்த நேரத்தில், அடுத்த பாட்டு இறங்கி ஒரு ஸ்பீக்கர் கிழிந்துபோனது. செட்டுக்காரர் சண்டைக்கு வந்தபோது, நான்தான் தெரியாமல் பட்டனைத் திருகிவிட்டேன் என்று பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன். உன் அம்மா வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் நேராகவே சொன்னாள்: “பாட்டு நல்லாருக்குய்யா, ஆனா திடீர் திடீர்னு செவுட்டுல அறையுதாப்ல இருக்கு.” நீ இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைத் தனியாக மாட்டுத்தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போய், அம்மாவுக்கு இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் புரியாது, நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னேன். அவள் சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் அவளை விவரம் தெரியாதவள் ஆக்கிவிட்டேன். இன்றைக்கு நீ எனக்குச் சொல்கிற பதில்களைக் கேட்கும்போது, அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே இவன் திருப்பிச் சொல்கிறான் என்று எரிச்சல் என் மேலேயே வருகிறது.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு நீ ஒவ்வொரு வாரமும் ஒரு மிக்ஸ் செய்து பென்டிரைவில் போட்டுத் தந்தாய். கம்பெனி வேனில் போடச் சொன்னாய். இருபது வருடமாக நான் ஓட்டுகிற ஓட்டம் உனக்குத் தெரியும். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றி, எம். புதுப்பட்டி தாண்டி இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிட முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் உன் பாட்டுதான். பெண்களுக்கு உன் பாட்டென்றால் உயிர். எல்லாரும் மறந்துபோன பழைய பாட்டையெல்லாம் எங்கிருந்தோ தேடி எடுத்துச் சேர்ப்பாய். ஆனால் அன்றைக்கும் இதே கதைதான். நான் வலது கையால் ஸ்டியரிங்கையும் இடது கையால் உன் பாட்டையும் ஓட்டிக்கொண்டிருந்தேன். எந்த மிக்ஸில் எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்பது எனக்கு மனப்பாடம். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் ஒரே சீராகக் கேட்கும். உன்னை அவர்கள் மருமகன் என்றுதான் சொல்வார்கள்; மருமகன் எவ்வளவு பதவிசாகப் பாட்டுப் போட்டிருக்கிறார் என்று பாராட்டுவார்கள். நான் அதை அப்படியே வந்து உன்னிடம் சொல்வேன். அவர்கள் பாராட்டியதில் பாதி என் இடது கைக்குச் சேர வேண்டியது. அதை நான் சொல்லவே இல்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி சண்முகத்தாய். உன்னை மருமகன் என்று கூப்பிடுவாளே, சரவெடி பின்னுகிற பிரிவில் இருப்பவள், அவள்தான். அவள் நம் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே ஒருநாள் பக்கத்து ரூமில் வெடித்துவிட்டது. சத்தம் கேட்டால் எதையும் பார்க்காதே, எதையும் எடுக்காதே, வாசலைப் பார்த்து ஓடு என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சண்முகத்தாய் ஓடினாள், தப்பினாள். அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், செருப்பைத் தேடியதில் தப்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு நம் கம்பெனிக்கு வந்தாள். கலகலப்பானவள். பயந்த சுபாவம் கொஞ்சமும் கிடையாது. நீயே பார்த்திருப்பாய். ஆனால் எதிர்பாராத இடத்தில் பெரிய சத்தம் கேட்டால் அவள் மனசு யோசிப்பதற்கு முன்னால் கால் ஓடிவிடும். இது எனக்குத் தெரியும். அவள் வேன் கதவுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள் என்பதும் தெரியும். உனக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். காலை ஏழு மணி இருக்கும். அணைக்கட்டுக்கு ரோடு பிரிகிற விலக்குப் பக்கம் வரும்போது ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டுமந்தை வந்தது. வேனை நிறுத்தினேன். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய தாலாட்டுப் பாட்டு. நீ எந்தக் கேசட்டிலிருந்து எடுத்தாயோ, அவ்வளவு சன்னமாக இருந்தது. பின்சீட்டுக்காரர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். பட்டனை முக்கால்வாசிக்கு ஏற்றி வைத்திருந்தேன். ஒரு ஆடு முன்சக்கரத்துக்குள் தலையை விட்டதைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே குனிந்து அதை விரட்டினேன். பட்டனில் என் கை இல்லாதது அந்த ஒரு நிமிடம்தான். அதற்குள் உன் அடுத்த பாட்டு வந்துவிட்டது. முதல் டிரம்ஸ் அடி வேனுக்குள் எப்படி விழுந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. எல்லாரும் கத்தினார்கள். சண்முகத்தாய் கத்தவில்லை. கதவைத் திறந்து குதித்துவிட்டாள். வேன் நின்றுகொண்டிருந்ததால் உயிர் தப்பினாள். ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்காத நாளே கிடையாது. ரோட்டோரம் சல்லிக்கல் கொட்டியிருந்தது. அதன்மேல் கையை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. எழுந்ததும் அவள் எங்களைப் பார்க்கவில்லை. வேன் எரிகிறதா என்றுதான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம். கம்பெனி சூப்பர்வைசர் வந்து என்ன நடந்தது என்று என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சண்முகத்தாயே, “ஒண்ணுமில்ல சார், இறங்கும்போது படியில கால் வழுக்கிருச்சு” என்று சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த சீசன் முழுக்க அவளால் சரம் பின்ன முடியவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் விரல் முன்போல் வளையவில்லை. லேபிள் ஒட்டுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது நீ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய். புது மிக்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. “நல்லாருந்துச்சுன்னு அம்புட்டுப் பேரும் சொன்னாக” என்றேன். மறுநாள், வேன் செட்டு பழுதாகிவிட்டது என்றேன். அடுத்த பொங்கலுக்கு நீ முதல் சம்பளத்தில் புது பிளேயர் ஒன்று வாங்கிவந்து தந்தாய். நன்றாக ஓடுகிற பழைய பிளேயருக்குப் பக்கத்தில் அதையும் மாட்டிவிட்டு, ஸ்பீக்கர்தான் பழுது போலிருக்கிறது என்று அடுத்த பொய்யைச் சொன்னேன். நீ அதையும் நம்பினாய்.

இதையெல்லாம் நான் இப்படியே விட்டிருப்பேன். நீயும் கோயம்புத்தூரில் கம்பெனி வேலை, ஓய்வு நேரத்தில் ஹெட்போன் என்று இருந்தாய். இப்போது கல்யாணம் வந்துவிட்டது. ஹாலில் பாட்டுப் போடப்போகிறாய். என் வேனில் வருகிற பெண்கள் எல்லாரையும் அழைக்காமல் நான் கல்யாணம் செய்ய முடியாது. வியாழக்கிழமை சாயங்காலம் நானும் உன் அம்மாவும் சண்முகத்தாய் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். சேலை நிறம் முதல் சாப்பாட்டுப் பட்டியல் வரை எல்லாம் கேட்டாள். எல்லாரும் சேர்ந்து வேனில் வந்து இறங்குவோம் என்றாள். நாங்கள் எழுந்திருக்கும்போது, “அண்ணே, ரிசப்சனுக்கு மருமகன் பாட்டுத்தான் போடுவாகளா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப நான் மொதப் பந்தியில சாப்பிட்டுட்டு வெளிய வண்டி நிறுத்துற இடத்துல இருந்துக்கிடுதேன். பொண்ணு மாப்பிள்ளைய அப்புறம் பாத்துக்கிட்டாப் போச்சு” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

பைக்கில் திரும்பும்போது உன் அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், சண்முகத்தாய் ஏன் வெளியே இருக்கிறேன் என்கிறாள் என்று கேட்டாள். ஓட்டிக்கொண்டே சொல்ல முடியாமல் வண்டியை ஓரமாக நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் மூன்று வருடமாகப் படியில் வழுக்கிய கதைதான் தெரியும். கேட்டு முடித்துவிட்டு, “என்கிட்டயும் சொல்லல, அவன்கிட்டயும் சொல்லல. இதுல யாரைக் காப்பாத்துனீக?” என்றாள். நான் உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட பிறகு அது எனக்கே நிச்சயமில்லை. கடிதம் எழுதச் சொன்னது அப்போதுதான்.

அதற்கு முன்னால் நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. மறுநாள் வேலை முடிந்து எல்லாரையும் இறக்கிவிட்டு, கடைசியாக சண்முகத்தாயின் தெருவில் வேனை நிறுத்தினேன். அன்றைக்குப் பட்டனிலிருந்து கையை எடுத்தது என் தப்பு, பாட்டு அப்படிக் குதிக்கும் என்று தெரிந்தும் பிள்ளையிடம் சொல்லாமல் வைத்திருந்தது அதைவிடப் பெரிய தப்பு என்று சொன்னேன். சூப்பர்வைசர் முன்னால் நான் தலையாட்டியதையும் சொன்னேன். அவள் ஏன் அப்படி மறைத்துச் சொன்னாள் என்று கேட்டேன்.

“வேற என்னத்தச் சொல்ல? பாட்டுச் சத்தத்துல குதிச்சேன்னு சொன்னா மறுநாளே வண்டியில பாட்டுப் போடக் கூடாதுன்னுருவாக. காலையில அந்த முக்கா மணி நேரந்தாண்ணே எங்களுக்கு. உள்ள போயிட்டா யாரு பாட்டுப் போடுதா?” என்றாள். அதோடு, “மருமகன் போடுத பாட்டு எனக்குப் பிடிக்கும்ணே. வரப்போறது பெருசா சின்னதான்னு தெரிய மாட்டேங்குது, அம்புட்டுதான்” என்றாள்.

சரி செய்யச் சொல்கிறேன் என்றேன். எங்கெங்கே சரியில்லை என்று மருமகனுக்கு எப்படித் தெரியும் என்று அவளே கேட்டாள். பிறகு, “கொண்டாங்க, நான் உக்காந்து கேக்குதேன்” என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை.

இன்று காலை கேட்டோம். அதே வேப்பமரத்தடி. வேனின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தேன். சண்முகத்தாய் கதவோரச் சீட்டில் உட்கார்ந்தாள், உன் அம்மா அவளுக்குப் பின்னால். நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டேன். பட்டனைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஹாலில் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்க வேண்டும் அல்லவா? பதினோராவது நிமிடத்தில் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். இருபத்தோராவது நிமிடத்தில் சீட்டில் ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். உன் அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பாட்டை நிறுத்திவிட்டு, போதும்மா, வீட்டுக்குப் போ என்றேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். “மிச்சத்தையும் போடுங்க. பாதியில விட்டா அவுகளும் பாதியைத்தான் திருத்துவாக” என்றாள். இரண்டு மணி நேரத்தையும் கேட்டாள். இன்னும் இரண்டு தடவை இறங்கினாள். இரண்டு தடவையும் தானே ஏறி வந்தாள்.

நீ இந்த மிக்ஸை ஒரு தடவையாவது முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டாயா? நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் ஐந்தாவது நிமிடத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். பாட்டு மாறுகிற இடத்தை மட்டும் பத்துப் பத்து நொடி கேட்டுவிட்டு, தாளம் சேர்ந்துவிட்டது, சரி என்று அடுத்ததற்குப் போய்விடுகிறாய். இரண்டு மணி நேரம் உனக்கு அதிகமாக இருக்கிறது. கை ஒடிந்தவள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

நார்மலைஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு விஷயமாக விருதுநகர் ஹாலுக்குப் போனபோது, அங்கே சவுண்டு பார்க்கிற தம்பியிடம் கேட்டேன். அது மொத்தப் பதிவிலும் எது உச்சச் சத்தமோ அதைத் தேடி, அது மேலே முட்டுகிறவரை எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குமாம். “எல்லாத்தையும் ஒரே அளவு தூக்குனா நெட்டையும் குட்டையும் அப்படியேதானே இருக்கும்ணே” என்றான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. என்ஜினியரிங் படித்த உனக்கு ஏன் புரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கோப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, பாடுகிறவரின் குரல் எல்லாவற்றிலும் ஒரே தூரத்திலிருந்து வருகிற மாதிரி சத்தத்தை வைத்துக்கொள்ள வேண்டுமாம். சன்னமான பாட்டை இழுத்து இழுத்து ஏற்றாமல், பெரிய பாட்டை இறக்கிக்கொண்டு வர வேண்டுமாம். சிவப்பு விளக்கு எரிகிற அளவுக்குப் பதிவு செய்யவே கூடாதாம், மொத்தமாகக் கூட்டுவதை ஹாலில் அவனே பார்த்துக்கொள்வானாம். முடித்த பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண ஸ்பீக்கரில் போட்டு, ரூமுக்குள் நடந்துகொண்டு கேட்க வேண்டுமாம். உன் இம்பாக்ட் எங்கேயும் போய்விடாது. மெதுவாக ஆரம்பித்து ஏறுகிற பாட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறப்போகிறது என்று கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்தால் போதும்.

அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னான். அவ்வளவு கஷ்டம் எதற்கு, நான் மிக்ஸர் பக்கத்தில் நின்று கூட்டிக் குறைத்துக்கொள்கிறேன் என்றான். நல்ல பையன். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்காக யாரோ ஒருவர் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றது போதும். கை எடுத்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். நீ கட்டிக்கப்போகிற சூலக்கரைப் பிள்ளை உன் வீட்டுக்கு வந்த பிறகு, நீ செய்த ஏதோ ஒன்று சரியில்லை என்று ஒருநாள் சொல்லும். அப்போது அதன் காது சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை என்று ஆரம்பிக்காதே. உட்கார்ந்து கேள். நான் உன் அம்மா சொன்னதை அப்படித் தள்ளிவிட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன். உன் அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை பேசினாலும் நல்லது. அந்தப் பொங்கலில் அவள் சொன்னதை நான்தான் பொய்யாக்கினேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இதோடு நான்கு பக்கம் வைத்திருக்கிறேன். எந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்ற பட்டியல். நான் முதலில் ‘இங்கே சத்தம் அதிகம்’, ‘இங்கே மிக அதிகம்’ என்றுதான் எழுதிக்கொண்டு வந்தேன். சண்முகத்தாய் நோட்டை வாங்கிப் பார்த்தாள். “இப்படி எழுதுனா மருமகனுக்கு விளங்காதுண்ணே. நான் இறங்குனதை இறங்குனேன்னே எழுதுங்க” என்றாள். அவள் சொன்னபடி அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஆகவே கம்பியைப் பிடித்தேன், காதைப் பொத்தினேன், இறங்கினேன் என்று இருப்பதெல்லாம் அவள் சொல்லி நான் எழுதியது. நல்ல இடங்களையும் சொன்னாள். நாற்பத்தாறிலிருந்து ஐம்பத்தெட்டாவது நிமிடம்வரை ஒன்றையும் தொட வேண்டாமாம், அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அப்படியே இருக்கட்டுமாம்.

திருத்தி முடித்ததும் எனக்கு அனுப்பாதே. என் வாய்க்கு ‘நல்லாருக்கு’ என்று சொல்லித்தான் பழக்கம். நேராக சண்முகத்தாய்க்கு அனுப்பு. அனுப்புவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, கை எதனால் ஒடிந்தது என்று இப்போதுதான் தெரியும் என்று நீயே உன் வாயால் சொல். மற்றதை அவள் பேசிக்கொள்வாள். ரிசப்ஷனுக்கு உள்ளேதான் உட்காருவேன் என்று இன்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். வாசலை ஒட்டின ஓர நாற்காலி வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஹாலில் சொல்லி எடுத்து வைக்கச் சொல்கிறேன். அவள் நம்பர் உன் அம்மாவிடம் இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் கூப்பிடு, அதற்குள் அவளை வீட்டில் இறக்கிவிட்டிருப்பேன்.

அப்பா